அபூர்வ வம்சத்து அப்துல் வஹாப்

எங்கள் வாப்பாவை யாராவது அபூர்வமான மனிதர் என்று சொன்னால், சொன்னவருக்கு அவரிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். அவ்வளவு சாதாரணமான ஆள். பெயர் அப்துல் வஹாப். ஊர் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டியில் ஆலைகளுக்குப் போகிற ரோட்டில் கையுறை, சேஃப்டி ஷூ, மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் எல்லாம் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். காலையில் பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். நானும் கும்மிடிப்பூண்டியில்தான் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதால் இரண்டு பேரும் ஒன்றாகவே போவோம். உட்கார இடம் கிடைத்தால், கவரைப்பேட்டை வருவதற்குள் யாருக்காவது எழுந்து கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பிடிக்காத காரியமாக இருந்தால் 'பார்க்கலாம்' என்பார். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு வந்து நிற்பார். இந்த மனிதரை வைத்துத்தான் எங்கள் உம்மா மெஹர்னிசா முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினாள். அவளுக்குச் சொர்க்கத்தில் தனி இடம் கொடுக்க வேண்டும்.

அந்தப் 'பார்க்கலாம்' கூட இல்லாமல் அவர் உடனே தலையாட்டுவது ஒரே ஒருத்திக்கு. அவருடைய லாத்தா, அதாவது அக்கா, சபுரா மாமி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தன் கல்யாணத்தன்றும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இருந்தாளாம். அதனால் அவள் நில் என்றால் வாப்பா நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். நான் அப்படி இல்லை. எனக்கும் மாமிக்கும் ஏழாம் பொருத்தம்.

எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். நாங்கள் இருக்கிற வீடு உம்மாவுடையது, அவளுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. வாப்பா ஒரு தகரப் பெட்டியோடு மாப்பிள்ளையாக அங்கே வந்தவர். நாங்கள் மூன்று பேரும் பெண்கள். அக்கா ஜபீன், நடுவில் நஜ்மாவாகிய நான், கடைசியில் ரிஸ்வானா. மூன்றாவதும் பெண் என்றதும் வாப்பா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாராம். அக்காவுக்குக் கல்யாணமாகி மச்சான் முஜீப் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார், கையில் ஒரு பேரனும் வந்துவிட்டான். மகன் இல்லையே என்று அந்த வீட்டில் ஒரு நாளும் ஒருத்தரும் பெருமூச்சு விட்டதில்லை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஒரு பஞ்சுக் குச்சிதான் அந்தப் பெருமூச்சைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டது.

சென்னையிலிருந்து ஜெனிபர் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். எந்த ஊர் மனிதர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஆராய்கிறார்களாம். பழவேற்காடு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர் ஊராகப் போய் ஆண்களின் வாய்க்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்துப் போனாள். எங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்பது மாமியின் தீராத பெருமை. "போடா வஹாபு, போய் வாயைத் தொறந்து காட்டிட்டு வா. நாம யாருன்னு எழுதித் தரட்டும்" என்றாள். வாப்பா போய் வாயைத் திறந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள், இந்தத் தடவை நேராக எங்கள் வீட்டுக்கு. மாமியும் அங்கே இருந்தாள்.

"ஆம்பளைங்க எல்லார்கிட்டயும் ஒய் குரோமோசோம்னு ஒண்ணு இருக்கும் சார். அது அப்பாகிட்டேருந்து மகனுக்கு அப்படியே வரும். எப்பவாவது அதுல சின்னதா ஒரு மாத்தம் விழும். அதை வச்சு யார் யார் ஒரே ஆளோட வழியில வந்தவங்கன்னு கண்டுபிடிப்போம். உங்களோட வகை எங்க லேபுக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லை. ரொம்ப அபூர்வம். வெளிநாட்டுல விசாரிச்சதுல, மேற்கே ஒரு மலைநாட்டுல நாலஞ்சு பேருக்கு இருக்கு. கடல் நடுவுல ஒரு தீவுல ரெண்டு பேருக்கு இருக்கு. அவ்வளவுதான்."

"அரபு நாடுதானே?" என்றாள் மாமி.

"இல்லம்மா. அரபு நாட்டுல இது கிடைக்கல."

"மலைன்ற. மக்காவுல கூட மலை இருக்குது" என்று மாமி விஷயத்தை முடித்துவிட்டாள்.

வாப்பாவுக்கு வேறு சந்தேகம். "இது முதல்ல யாருகிட்டம்மா ஆரம்பிச்சது?"

"ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் சார். எந்த இடம்னு உறுதியா சொல்ல முடியாது."

"அவரு பேரு?"

ஜெனிபர் சிரித்துவிட்டாள். "பேரே இல்லாம கூட இருந்திருக்கலாம் சார்."

அத்தோடு எழுந்து போயிருக்கலாம் அந்தப் பெண். மாமி கேட்டாள், "இவனுக்கு அப்புறம் இது யாருகிட்ட இருக்கும்?" அவள் எங்களைப் பார்த்தாள். "பொண்ணுங்ககிட்ட போகாதும்மா. பேரனுக்கு அவங்கப்பாவோடதுதான் வந்திருக்கும். சாருக்கு அண்ணன் தம்பி, பசங்க யாரும் இல்லைன்னா, சாரோட முடிஞ்சிடும்." சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். நல்ல பெண்தான், ஆனால் வாயில் சனி.

மறுநாளிலிருந்து பழவேற்காட்டில் வாப்பா பெரிய மனிதராகிவிட்டார். மீன் வாங்கப் போனால் "வாங்க அபூர்வ பாய்" என்றார்கள். அவரும் லேசாக மயங்கித்தான் போனார். தாடியை இரண்டு தடவை சீவினார். ரயிலில் என்னிடம் மெதுவாகப் பேசுவார்.

"அந்த மொத ஆளு மலையில ஆடு மேச்சிருப்பான், இல்ல நஜ்மா? அவன் புள்ள உப்பு வாங்க கீழ எறங்கியிருப்பான். அவன் புள்ளைக்குப் புள்ள கடலைப் பாத்திருப்பான். எவனோ ஒருத்தன் மரக்கலத்துல ஏறி, வாந்தி எடுத்துக்கினு நம்ம ஊர்ல வந்து எறங்கியிருப்பான். எவ்ளோ தூரம் கை மாறிக் கை மாறி வந்துக்குது. என்கிட்ட வந்து நின்னு பூட்ச்சே."

"நின்னா நிக்கட்டும் வாப்பா. நாங்க இருக்கோமே, போதாதா?"

"போதும்மா, போதும்" என்றார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி சும்மா இருப்பாளா? பெரியபாளையம் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள். முப்பத்திரண்டு வயது, புருஷனை இழந்தவள், சொந்தமாக ஒரு சின்ன வீடு உண்டு. "மார்க்கத்துல எடம் இருக்குது தம்பி. நம்ம வாப்பாவோட வம்சம் உன்னோட அத்துப்போறதா? ஒரே ஒரு ஆம்பளைப் புள்ள போதும்" என்றாள்.

மார்க்கத்தில் இடம் இருக்கலாம், எங்கள் வழக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஐம்பத்தொரு வயதில் எங்கள் வாப்பா மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவார். வாரத்தில் பாதி நாள் உம்மாவின் கட்டிலில் பாதி காலியாக இருக்கும்.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "பார்க்கலாம் லாத்தா" என்றார்.

மாமிக்கு அவர் உடனே 'சரி' சொல்லாதது அதுதான் முதல் தடவை. ஆனால் உம்மாவுக்கு அது ஆறுதலாகவே இல்லை. பார்க்கலாம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவள் கத்தவில்லை, அழவில்லை. வழக்கம்போலக் காலையில் நாஷ்டா கட்டிக் கொடுத்தாள். வழக்கம்போல அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

"நீயாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளேன் உம்மா!" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"கேட்டு வாங்குறதுக்கு இன்னா இருக்குது, நஜ்மா? அவருக்கா தோணணும்" என்றாள்.

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் ஜெனிபர் கடைக்குப் போன் பண்ணினாள். வாப்பாவின் வகை இன்னொருவருக்கும் இருக்கிறதாம். கவரைப்பேட்டையில் எடுத்த குச்சிகளைத் தாமதமாகத்தான் பார்த்தார்களாம். அவருக்குச் சம்மதம், உங்களுக்கும் சம்மதம் என்றால் சந்திக்கலாம் என்றாள். வாப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வரச் சொல்லும்மா, இப்பவே வரச் சொல்லு" என்றார்.

வந்தவர் பெயர் சின்னராசு. உருக்காலைத் தொழிலாளி. வாப்பாவை விட நாலைந்து வயது பெரியவர். நான் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பார்க்கப் போயிருந்தேன். முகத்தில் ஏதாவது ஜாடை தெரியுமா என்று பார்த்தால், மருந்துக்குக் கூட இல்லை. வாப்பா குட்டை, பூசின உடம்பு. அவர் ஒட்டடைக் குச்சி. கடைக்குள் வராமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பாய், அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா ஒரு வாட்டி பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். நாங்க அப்பன் பாட்டன் காலத்துலேருந்து ஒருத்தர் நெலத்துல கூலிக்கு ஏர் ஓட்டனவங்க. எங்க தாத்தாவோட அப்பன் பேரு கூட எனக்குத் தெரியாது. நீங்க யாவாரக் குடும்பம். உங்களுதும் எங்களுதும் எப்படி ஒண்ணா இருக்கும்னு எனக்கே புரியல."

"எனக்கும் புரியலண்ணே. மொதல்ல உள்ள வந்து உக்காருங்க" என்று வாப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

எப்படி என்று அந்தப் பெண்ணையே போனில் கேட்டார்கள். பத்துப் பதினைந்து தலைமுறைக்கு முன்னால் ஒருவருடைய இரண்டு மகன்கள் இரண்டு பக்கமாகப் போயிருக்கலாம் என்றாள். கடலோரத்திலிருந்து ஒருவன் வயலுக்குப் போனானா, வயலிலிருந்து ஒருவன் கடலோரத்துக்கு வந்து கலிமா சொல்லி முஸ்லிம் ஆனானா, அது தெரியாது என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏதோ சொத்துத் தகராறா இருக்கும்" என்றார் வாப்பா. "சொத்து இருந்தாத்தானே பாய் தகராறு" என்றார் சின்னராசு. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். வாப்பா அப்படிச் சிரித்து ஒரு மாதமாகியிருந்தது.

அப்புறம்தான் கேட்டார், "உங்களுக்குப் பசங்க எத்தினி பேருண்ணே?"

"நாலும் பசங்க பாய். பேரனுங்களும் ஆச்சு."

வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க ஊட்டுக்கு சாப்ட வரீங்க. ஒருத்தரையும் விடக் கூடாது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமி அவரைப் பெரியபாளையத்துக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. அவள் புதுத் துப்பட்டி போர்த்திக்கொண்டு வந்தபோது எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சின்னராசு, அவர் மனைவி கன்னியம்மா, நாலு மகன்கள், மருமகள்கள், நாலா பக்கமும் ஓடுகிற பிள்ளைகள். உம்மா எல்லோருக்கும் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, வம்சம் அத்துப்போவக் கூடாதுன்னியே. இதோ பாரு" என்று வாப்பா நாலு பிள்ளைகளையும் காட்டினார். "இவங்ககிட்ட எல்லாம் அது இருக்குது. ஓடிக்கினு இருக்கானுங்களே, அவனுங்ககிட்டயும் இருக்குது. இன்னும் ஆயிரம் வருஷத்துக்குக் கவலை இல்ல!"

விருந்தாளிகள் முன்னால் மாமி முகம் கோணவில்லை. "வாங்க, நல்லா சாப்டுங்க" என்றாள். பிறகு வாப்பாவை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். நானும் உம்மாவும் அங்கேதான் இருந்தோம்.

"இவங்க நம்ம வாப்பா பேரை சொல்லுவாங்களா? அவரு நெனப்பு நாள்ல குர்ஆன் எடுத்துக் கத்தம் ஓதுவாங்களா? இன்னாடா வெளையாடறியா? போய் சட்டையை மாத்திக்கினு வா."

வாப்பாவிடமிருந்த காற்றெல்லாம் இறங்கிவிட்டது. "ஊட்ல ஆளுங்க இருக்காங்க லாத்தா. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்.

உம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மாமி சாப்பிடாமலே போய்விட்டாள். சின்னராசு புறப்படும்போது வாப்பாவின் தோளைத் தொட்டு, "எங்களால ஊட்ல எதுனா பேஜாராச்சா பாய்?" என்று கேட்டார். "சேச்சே, இல்லண்ணே" என்றார் வாப்பா. பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வந்தவரை உம்மா வாசற்படியிலேயே நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த அண்ணனுக்கு நாலும் பொண்ணா பொறந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

வாப்பா ஒரு கால் செருப்பைக் கழற்றியபடி அவளைப் பார்த்தார்.

"அடுத்தவங்க பெத்த புள்ளைங்களைக் காட்டி என்னைக் காப்பாத்த வேணாங்க. போவறதுன்னா போங்க, நான் குறுக்க நிக்கல. போவலன்னா, போவலன்னு உங்க வாயால சொல்லுங்க. முப்பது வருஷத்துல எனக்காக ஒரே ஒரு வாட்டி."

வாப்பா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மாமி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. இந்தத் தடவையும் 'பார்க்கலாம்' என்று சொன்னால் அங்கேயே ஒரு கூத்து நடத்திவிடுவது என்ற முடிவோடு பின்னாலேயே போனேன்.

மாமி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். வெளியே போகப் போர்த்திய துப்பட்டியை இன்னும் எடுக்கவில்லை.

"லாத்தா, நான் வர மாட்டேன்."

"அதான் அடுத்த வாரம்னு சொன்னியே."

"அடுத்த வாரமும் மாட்டேன். எப்பவும் மாட்டேன். யாருகிட்ட எது இருக்குது, இல்ல, அதெல்லாம் எனக்கு வேணாம். எனக்கு மெஹரு இருக்கா. அவ மனசு நோவ நான் எதுவும் பண்ண மாட்டேன்." நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டார்.

மாமி கத்துவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். பதில் சொல்ல நானும் தயாராகத்தான் இருந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு சொன்னது நெசமா வஹாபு? பொண்ணுங்ககிட்ட அது இல்லவே இல்லையா?"

"இல்லையாம் லாத்தா."

"அப்போ என்கிட்ட வாப்பா இல்ல." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு மௌத்தாகும்போது உன்னைத் தூக்கி என் மடியிலதான் வச்சாரு. உனக்கு ரெண்டு வயசு, எனக்குப் பதினாலு. அவரு கொஞ்சமாவது என்கிட்ட இருக்காருன்னு நெனச்சுக்கினுதான் இத்தினி வருஷம் ஓட்டினேன். ஒரு குச்சியை வச்சுத் தேச்சுட்டு, இல்லன்னுட்டாங்க. சரி, உன்கிட்டயாவது இருக்காரே, அதையாவது விடக் கூடாதேன்னு பாத்தேன்."

வாப்பா அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"லாத்தா, எனக்கு வாப்பா மூஞ்சியே தெரியாது. ஒரு போட்டோ கூட கெடையாது. எவனாவது வாப்பான்னு சொன்னா என் கண்ணுக்கு உன் மூஞ்சிதான் வருது. உன்கிட்ட இல்லாத வாப்பா என்கிட்ட எங்கேருந்து வந்தாரு?"

மாமி அவர் தலையில் கை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சண்டை போட வந்த நான் அங்கே நின்று அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு நாளும் அவளை வில்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அவளும் ஒரு மகள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன் மெஹரு. எப்பவும் மாட்டேன்னு சொல்லிட்டேன்."

உம்மா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். "லாத்தா இன்னா சொன்னாங்க?"

"அழுவறாங்க. பொண்ணா பொறந்ததால வாப்பா தன்கிட்ட இல்லாம போய்ட்டாருன்னு அழுவறாங்க."

உம்மா எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய் ஒரு தட்டில் பிரியாணி போட்டு மூடினாள், துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். வாப்பா கூடவே கிளம்பினார். "நீங்க இருங்க. இது எங்க ரெண்டு பேரு பேச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனவள் வெகுநேரம் வரவில்லை. வாப்பா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். "இன்னான்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். நான் போனபோது மாமியின் வாசற்கதவு திறந்தே இருந்தது. மாமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தாள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வாப்பாவுக்கும் நாங்க பொண்ணுங்க மட்டும்தான் லாத்தா" என்று சொன்னாள் உம்மா. "அவரு எங்கயும் போவல, எங்ககிட்டதான் இருக்காரு. சாப்டுங்க."